தொட்டிக்குள் மழை

தமிழில் கவிதை எழுத வருகிற பலருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி கிடைத்துவிடுகிறது. அதற்குள் ஒரு மீன். அது சுவரில் மோதித் திரும்புகிறது. திரும்பிப்போய் மறுசுவரில் மோதுகிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் அந்த மீன் கவிஞராகவோ, அவருடைய மனைவியாகவோ, நகரத்து மனிதனாகவோ மாறிவிடுகிறது. இந்தப் படிமத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முதலில் எழுதியவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பாக இருந்திருக்கலாம். பிறகு அது கைக்கு எளிதில் அகப்படும் ஒரு சாமானாகிவிட்டது. இதை நான் ஒரு குற்றப்பத்திரிகையாக ஆரம்பிக்கவில்லை. 2017இலிருந்து வீட்டில் மீன் வளர்த்துவருகிறவன் என்ற ஹோதாவில் ஒரு தகவலை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகலாம்: தொட்டிக்குப் பழகிய மீன் சுவரில் மோதுவதில்லை. அதன் உடம்பின் இரு பக்கங்களிலும் நீரின் அசைவை உணரும் கோடு ஒன்று ஓடுகிறது. சுவர் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியும். அதன் பிரச்சினை சுவர் அல்ல, தண்ணீர்.

ஆகவே இந்தக் கட்டுரையும் தண்ணீரைப் பற்றியதுதான். ஆனாலும் மீனில் தொடங்கியாக வேண்டியிருக்கிறது. தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த மீன்கள் கற்றுக்கொடுத்தவை.

என்னிடம் இருப்பவை கடைக்காரர்கள் ‘கோரி’ என்று சொல்லும் சிறு கெளுத்திகள். கெளுத்தி என்றதும் நமக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று குழம்பு, மற்றது முள். ஏரி வற்றும் காலத்தில் சேற்றுக்குள் கைவிட்டு மீன் பிடித்தவர்களுக்குக் கெளுத்தி முள் குத்தினால் அந்தக் கடுப்பு எத்தனை நேரம் நிற்கும் என்று தெரியும். இந்த மீனுக்கும் முதுகிலும் மார்புத் துடுப்புகளிலும் முள் உண்டு. பயந்தால் அவற்றை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் பிடித்தால் நூலில் முள் சிக்கிக்கொள்ளும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த முள்ளை அது வேறு எந்த ஜீவனின் மீதும் பிரயோகித்து நான் பார்த்ததில்லை. இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது. செதில் கிடையாது, அதற்குப் பதில் உடம்பின் பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வாய் கீழ்நோக்கியது. வாயைச் சுற்றி மீசைகள். அந்த மீசைகளால் நாள் முழுவதும் தரையைத் துழாவிக்கொண்டிருக்கும். மேலே நீந்துகிற மீன்களோடு அதற்கு எந்த விவகாரமும் இல்லை. சண்டை என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதே தெரியாத மாதிரி நடந்துகொள்ளும். சாதுவானவர்களைப் பற்றி நம் மொழியில் இருக்கும் அலட்சியமான பழமொழிகள் எதுவும் இதற்குப் பொருந்தாது. இது சாதுவாக இருப்பது பலவீனத்தால் அல்ல. கவசம் போட்டுக்கொண்டு சாதுவாக இருக்கிறது.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோரிடோரஸ் என்ற பேரினப் பெயரை லாசெபேட் என்ற பிரெஞ்சுக்காரர் 1803இல் வைத்தார். என் தொட்டியில் இருக்கும் வெண்கல நிற மீனை டிரினிடாட் தீவிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு தியோடர் கில் என்ற அமெரிக்கர் 1858இல் விவரித்தார்; சிற்றினப் பெயர் வெண்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். இதன் பங்காளியான புள்ளிக் கோரி டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மீன்களில் ஒன்று. லெனார்டு ஜெனின்ஸ் அதற்கு 1842இல் பெயரிட்டார். எல்லாம் கோரிடோரஸ் என்றே வெகுகாலம் இருந்தது. 2024இல் மரபணுக்களையும் எலும்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வுக்குழு அந்தப் பெரிய குடும்பத்தைப் பல பேரினங்களாகப் பாகம் பிரித்துவிட்டது. இன்றைய தேதியில் என் வெண்கல மீன் ஆஸ்டியோகாஸ்டர். புள்ளிக் கோரி ஹாப்ளிசோமா. செய்தியைப் படித்த அன்று இரவு தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். எட்டும் வழக்கம்போல மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தன. வகைப்படுத்துவதைத் தொழிலாகக் கொண்ட விமர்சகர்கள் அவ்வப்போது இப்படி எதன் முன்னாலாவது போய் உட்காருவது நல்லது. நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. பாகப்பிரிவினை சரியானதாகவே இருக்கலாம். தகடுகளையும் எலும்புகளையும் எண்ணிப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். எண்ணிப் பார்க்காமல் நாம் செய்கிற பிரிவினைகளைப் பற்றித்தான் யோசனை ஓடிற்று.

மீன் வாங்குவதற்கு முன் மணல் தேட வேண்டியிருந்தது. இந்த மீன் மணலை வாயில் அள்ளி, அதிலிருக்கும் உணவை வடிகட்டிக்கொண்டு, மீதியைச் செவுள் வழியாக வெளியே விடும். கூர்மையான கல்லாக இருந்தால் மீசை தேயும். தேய்ந்த இடத்தில் புண் வரும். மீசை போன கோரி பாதி குருடு மாதிரி. இப்போது ஊரெங்கும் கட்டடத்துக்குப் போடுவது பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட். கையில் எடுத்துத் தேய்த்தால் அறுக்கும். ஆற்று மணல் வழவழப்பாக இருப்பதற்குக் காரணம், மலையிலிருந்து அது உருண்டு வந்த தூரமும் காலமும். அந்தத் தூரத்தையும் காலத்தையும் எந்த இயந்திரமும் அரைத்துத் தர முடியாது. கடைசியில் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி, எந்தக் காலத்திலோ வாங்கி மிஞ்சி மாடிப்படிக்கடியில் கிடந்த ஆற்று மணலில் இரண்டு சட்டி கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். மீனுக்கு என்றேன். “மீனுக்கா? மனுசனுக்கே கெடைக்கல சார்” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது சட்டியையும் சாக்கில் கொட்டினார். ஏழு தடவை கழுவினேன். எந்த ஆற்றின் மணல் என்று அவருக்கும் தெரியவில்லை.

நான் இருப்பது வில்லிவாக்கம். சைக்கிளிலேயே போகிற தூரத்தில் கொளத்தூர். வண்ண மீன் வியாபாரத்துக்கு இந்த நாட்டிலேயே பெயர்பெற்ற இடங்களில் ஒன்று அது, தெருத்தெருவாகத் தொட்டிகள். எனக்கு முந்தைய தலைமுறைக்கு மீன் என்றால் மூர் மார்க்கெட். பழைய புஸ்தகம் வாங்கப் போனவர்கள் அப்படியே பறவைகளையும் மீன்களையும் வேடிக்கை பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கட்டடம் 1985 மே மாதம் எரிந்துபோயிற்று. கொளத்தூரில் நான் மீன் வாங்கியது கடையில் அல்ல, மொட்டைமாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு உற்பத்தி செய்யும் ஒரு பெண்மணியிடம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எட்டு மீன்களைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுக்கும்போது அவர் சொன்னது: “இது கூட்டமா இருக்கற மீனு தம்பி. ஒண்ணு ரெண்டா வுட்டா மூலையில போயி குந்திக்கும். முட்ட போடணும்னா ஒண்ணும் பண்ண வேணாம். தண்ணிய மாத்து. மழ பேஞ்சா மாதிரி இருக்கணும் அதுக்கு.”

மழை பெய்த மாதிரி. இந்த மூன்று வார்த்தைகளில் அந்த மீனின் பூகோளம் முழுவதும் இருக்கிறது. தென்னமெரிக்காவில் அது வாழும் ஓடைகளில் மழைக்காலம் தொடங்கும்போது தண்ணீர் ஏறும், குளிரும், அதில் கரைந்திருக்கும் உப்புகள் நீர்த்துப்போகும், வெள்ளம் பரவிய இடமெல்லாம் குஞ்சுகளுக்கு இரை பெருகும். மீன் அதையெல்லாம் எப்படி அறிகிறதோ, அறிந்தபின் முட்டையிடுகிறது. என் மீன்களின் பாட்டன் பூட்டன்கள் எவையும் அந்த ஓடைகளைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பல தலைமுறைகளாகப் பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவை. ஆனாலும் மழை என்ற ஒன்றை உடம்பில் வைத்திருக்கின்றன. ஞாபகம் என்று அதைச் சொல்லலாமா என்பது எனக்குச் சந்தேகம். பார்க்காத ஒன்றின் ஞாபகம் என்றெல்லாம் எழுதினால் கவிதையாகிவிடும்.

2018 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, பானையில் வைத்துக் குளிர்ந்த தண்ணீரை இரண்டு குடம் ஊற்றினேன். தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம்; ஏறக்குறைய நூறு லிட்டர் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை அதில் கால் பங்கை மாற்றுவது என் வழக்கம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். மணலிலும் வடிகட்டியிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதலிரண்டும் கொடிய விஷம். மூன்றாவது மெல்லச் சேர்வது. அந்த மூன்றாவதை வெளியே அனுப்பத்தான் தண்ணீர் மாற்றுவது. ஆறு செய்யும் வேலையை ஒரு ரப்பர்க் குழாயும் ஒரு வாளியும் செய்கின்றன.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பானைத் தண்ணீர் என்று கேட்டாள். சொன்னேன். “ஓ, உன் மீனுக்கு மட்டும் மழ பெய்யுது” என்றாள்.

காலையில் தொட்டி முழுக்க ஓட்டம். ஒரு பெண் மீனை நான்கைந்து ஆண்கள் துரத்துகின்றன. துரத்துவதில்கூட ஒரு விரோதம் இல்லை. பிறகு ஓர் ஆண் பக்கவாட்டில் நிற்க, பெண் அதன் அடிவயிற்றில் வாயை வைத்துக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் ‘ட’வின் மூலை மாதிரி இரண்டும் செங்கோணத்தில். சில விநாடிகள் அசைவில்லை. அந்த நேரத்தில் பெண் தன் வயிற்றடித் துடுப்புகளைக் குவித்து ஒரு பை மாதிரி ஆக்கி, அதற்குள் சில முட்டைகளை விடுகிறது. இதில் என்ன நடக்கிறதென்று நெடுங்காலம் ஊகங்கள்தான் இருந்தன. 1995இல் மசனோரி கோடா என்ற ஜப்பானியரும் சக ஆய்வாளர்களும் அதைத் தெளிவுபடுத்தினார்கள். பெண் ஆணின் விந்தைக் குடிக்கிறது. குடித்தது ஜீரணமாகாமல் குடலைச் சில விநாடிகளில் கடந்து, பையில் காத்திருக்கும் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே வெளிவருகிறது. ஓடும் தண்ணீரில் விந்து கரைந்து போகாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு என்று நினைக்கத் தோன்றுகிறது. எப்படியானாலும் எந்த ஆணுடையதைத் தன் முட்டைகளுக்குத் தருவது என்பதில் பெண்ணுக்குத்தான் அதிகாரம். குடலால் கருத்தரிக்கும் ஒரு ஜீவன்! புராணத்தில் எழுதியிருந்தால் ஆபாசம் என்றோ, அற்புதம் என்றோ சொல்லியிருப்போம். இங்கே அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறிக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு அப்பால் ஓர் அங்குலத்தில்.

குடலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோரி அவ்வப்போது அம்புபோல மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே வரும். அந்தக் காற்றிலிருக்கும் பிராணவாயுவைக் குடலின் பின்பகுதி உறிஞ்சிக்கொள்கிறது. செவுளால் மூச்சு விடுவது போதாத தண்ணீரில் இது துணை. அப்புறம் அதன் கண். கண்மணியைச் சட்டென்று கீழ்நோக்கிச் சுழற்றிவிட்டு மறுபடி நிமிர்த்தும். இமை இல்லாத மீன் கண்ணடிப்பது போலத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதுதான் பிடிக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு: ஒன்றை ஒன்று இடித்துக்கொள்வது. புது இடத்துக்கு நகரும்போதும், எதையாவது பார்த்து மிரண்டபோதும் பக்கத்து மீனின் மேல் லேசாக உடம்பை இடிக்கும். கேம்பிரிட்ஜில் ரீவா ரைலி என்பவரும் சகாக்களும் இந்த இடிப்பை ஆராய்ந்து 2019இல் எழுதியிருக்கிறார்கள். கூட்டம் கலையாமல் சேர்ந்து நகர்வதற்கு இது ஒரு வழி என்று கண்டிருக்கிறார்கள். நெரிசலான பேருந்துகளில் முப்பது வருஷம் பிரயாணம் செய்த எனக்கு, இடிப்பதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கக்கூடும் என்பது புதிய செய்தி.

முட்டைகள் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தன. வெந்த ஜவ்வரிசியைவிடச் சிறியவை. விரலால் உருட்டினால் உடையாமல் பெயர்ந்து வரும். எடுக்காவிட்டால் பெற்றவையே தின்றுவிடும். தன் முட்டை என்ற பேதம் அதற்குக் கிடையாது. அறுபத்து நான்கு எடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, இரண்டு சொட்டு மெதிலீன் நீலம் விட்டு, காற்றுக்குழாய் போட்டு வைத்தேன். கருவுறாத முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். ஆகவே வெளுத்ததை உடனே பொறுக்க வேண்டும். நான்காம் நாள் பொரிந்தன. முதலிரண்டு நாள் வயிற்றிலிருக்கும் கருவுணவு போதும். பிறகு ஆர்டீமியாக் குஞ்சுகள், உப்புத் தண்ணீரில் தினமும் பொரிக்க வைத்து, துணியில் வடிகட்டி. தினமும் அடியில் கிடக்கும் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துப் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் காலை எண்ணிக்கை குறைந்திருக்கும். இரண்டு மாத முடிவில் பத்தொன்பது இருந்தன. கொளத்தூர் அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தொன்பதா என்று கேட்டுவிட்டு, “பரவால்ல, மொத தபாவுக்கு” என்றார்.

இனி 2019. 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. மே முடியும்போது பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. எங்கள் கட்டடத்தின் ஆழ்துளைக் கிணறு ஜூன் முதல் வாரத்தில் காற்றை இறைத்தது. லாரி வந்தால் வீட்டுக்கு ஆறு குடம். நான்கு பேருக்கு ஆறு குடம். சமையல், குடிநீர், குளியல் எல்லாம் அதில். துணி அலசிய தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கக்கூஸுக்கு. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தபோது நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். வேகன்களுக்கு வாழைமரம் கட்டாததுதான் குறை என்கிற மாதிரிக் கூட்டம். அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் போய்ச் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்குப் போக வேண்டும். எங்கள் பேட்டையில் இறங்கி எங்களைக் கடந்து போயிற்று.

அந்த மாதங்களில் மீன் தொட்டி என்பது வீட்டில் இருக்கும் ஒரு கேள்வி. நூறு லிட்டர் தண்ணீர் கண்ணாடிக்குப் பின்னால், விளக்குப் போட்டு. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். முன்பு மீனைப் பார்த்தவர்கள், இப்போது தண்ணீரைப் பார்த்தார்கள். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் குடத்தோடு படியேறும்போது நின்று, “உங்க வூட்ல மீனுக்கெல்லாம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் கோபம்கூட இல்லை. நான் வாரத்துக்கு இரண்டு குடத்தை ஒன்றாக்கினேன். இரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கும் துளசிக்கும் போயிற்று; அவை அதற்கு முன்பு எப்போதும் அப்படிச் செழித்ததில்லை. வாரம் ஒரு குடம் செடிக்குப் போகும் வழியில் மீனிடம் ஏழு நாள் தங்கிவிட்டுப் போகிறது என்று அம்மாவிடம் கணக்குச் சொன்னேன். “நல்லாத்தான் கணக்குப் போடற” என்றாள். தண்ணீரின் சூடு முப்பத்திரண்டு பாகையைத் தொட்டது. சூடேறினால் நீரில் பிராணவாயு குறையும். அம்மோனியாவின் விஷமும் ஏறும். மீன்கள் மேலே பாய்ந்து காற்றை விழுங்குவது அடிக்கடி நடந்தது. தண்ணீரைத் திறந்து பார்க்காமலேயே, அந்தப் பாய்ச்சல்களை எண்ணித் தொட்டியின் நிலையைத் தெரிந்துகொள்ளப் பழகினேன்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் லாரித் தண்ணீரைக் குளோரின் போவதற்காக மண்பானையில் இரவு முழுக்கத் திறந்து வைத்துக் காலையில் ஊற்றினேன். மண்பானை, குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான் நான் செய்தது. ஆனால் மீனுக்கு நான் செய்தது வேறு: நகரம் முழுவதும் காய்ந்து கிடந்த ஒரு காலையில் அதற்கு மட்டும் மழை பெய்துவிட்டது. மதியத்துக்குள் கண்ணாடியில் முட்டைகள். எண்பதுக்கு மேல்.

எடுப்பதா வேண்டாமா என்பதை யோசிக்க எனக்கு மாலை வரை அவகாசம் இருந்தது; அதற்கு மேல் இருட்டியதும் அவையே தின்றுவிடும். எடுத்தால் இரண்டு மாதத்துக்குத் தினமும் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். வாரம் ஒரு குடம் என்றால் செடிக்கு என்று கணக்குக் காட்டலாம். தினம் ஐந்து லிட்டர் என்பது அம்மாவின் குளியல். கீழே படியில் ஏறி வரும் குடத்தில் மூன்றில் ஒரு பங்கு. இருக்கிற எட்டு மீன்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவற்றை ஆற்றிலிருந்து அல்லது ஆறாக இருந்திருக்கக்கூடிய ஒன்றிலிருந்து பிரித்து, என் வாளியையே நம்பியிருக்கும்படி செய்தவன் நான். இன்னும் பிறக்காத எண்பதுக்கும் அதே கடன் உண்டா? உண்டு என்று சொல்பவன் அந்தக் கடனை அம்மாவின் குடத்திலிருந்து அடைக்கிறான். இல்லை என்று சொல்பவன், முட்டையிட வைத்த மழையைத் தான்தான் ஊற்றினான் என்பதை மறந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் எனக்குச் சௌகரியமான ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

எடுக்கவில்லை. விளக்கை அணைத்தேன். ராத்திரி போய்ப் பார்க்கவில்லை.

காலையில் கண்ணாடி சுத்தமாக இருந்தது. இலைக்கடியில், வடிகட்டிக்குப் பின்னால் தேடினேன், ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. எட்டும் வயிறு புடைத்து மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தன. ஒரு வாரமாகப் பாதி இரை தின்றவற்றுக்கு அது நல்ல சாப்பாடு. அம்மா எழுந்து வந்து தொட்டியைப் பார்த்தாள். “ஏண்டா எடுத்து வெக்கல?” என்றாள். தண்ணி, என்றேன். கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். “நான் ஒரு நாள் வுட்டு ஒரு நாள் குளிச்சிருப்பேனே” என்றாள்.

அன்று செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அம்மா அதைச் சொல்லியிருக்காவிட்டால் அந்தச் சரி எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும். தனக்கு வேண்டியதைக் குறைத்துக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கும்போது அதைக் கேட்காமலேயே அவர் சார்பில் ஒரு நியாயத்தை நான் தீர்மானித்துவிட முடிகிறது என்பது இதில் தெரியவந்த ஒரு விஷயம். ஆனால் கேட்டிருந்தாலும் முடிவு அதுதான். தினமும் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருத்தியின் குளியலை அளந்து மீன் குஞ்சுக்கு ஊற்றும் ரசிகனாக இருக்க எனக்குச் சம்மதமில்லை.

தொட்டி மீன் கவிதைகளிடம் எனக்கு வந்திருக்கும் அசிரத்தைக்குக் காரணம் இப்போது கொஞ்சம் விளங்கலாம். அந்தக் கவிதைகளில் தண்ணீர் மாற்றுகிறவர் யாரும் இல்லை. மீன் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, பார்க்கிறவன் இருக்கிறான். சிறைப்பட்டவன் யார் என்பதில் ஒரு சின்ன ஆச்சரியம் இருக்கிறது. ஆனால் சிறையைவிடச் சிக்கலான ஒரு சம்பந்தம் அங்கே இருக்கிறது: ஒன்று மற்றொன்றின் பருவகாலமாக ஆகிவிட்ட சம்பந்தம். நான் மழை என்றால் அது முட்டையிடும்; நான் வறட்சி என்றால் அது தின்னும். இந்த அதிகாரத்தை நான் விரும்பிக் கேட்டேனா என்பது இப்போது பொருட்டல்ல. திறந்து விட்டுவிடலாமே, சுதந்திரம் கொடுக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்படித் திறந்துவிடப்பட்ட சக்கர் மீன் நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது. அதுவும் தென்னமெரிக்கக் கெளுத்திதான். கோரிக்குத் தூரத்து உறவு. வலையைக் கிழிக்கிறது, தின்ன ஆளில்லை, கரையில் எறிந்தாலும் எளிதில் சாவதில்லை. யாரோ ஒருவர் தம் மீனுக்குக் கொடுத்த சுதந்திரத்தின் விலையை மீனவர் வலை போடும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஏற்றுக்கொண்டதைக் கடைசிவரை வைத்துக்கொள்வதுதான் இதில் இருக்கிற குறைந்தபட்ச யோக்கியம். கோரி பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கக்கூடியது. வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

எட்டில் ஆறு இன்னும் இருக்கின்றன. பெரிய பெண் மீனின் ஒரு மீசை சற்றுக் குட்டையாகிவிட்டது, மற்றபடி சுகம். கொளத்தூர் அக்கா மாடித் தொட்டிகளில் பாதியை மகனிடம் விட்டுவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் சனிக்கிழமை இரவில் பானையை நிரப்பி மூடாமல் வைப்பது அவள்தான். நான் கேட்டுக்கொண்டதில்லை. இந்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், நான் தண்ணீர் மாற்றுவதற்கு முன்பே முட்டை வைத்துவிட்டன. எழுபத்தொன்று. எடுத்து வைத்திருக்கிறேன்.